சப்சிடி என்றால் சலுகை அல்ல

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எந்தப் பண்ணைக்கு அரசு எவ்வளவு பணம் கொடுத்தது என்ற பட்டியல் வெளியானால், தமிழில் அது 'விவசாயிகளுக்குப் பயிர்ச் சலுகை' என்று வந்துவிடுகிறது. மூலத்தில் இருப்பது 'சப்சிடி'; அதற்குத் தமிழ் 'மானியம்', சலுகை அல்ல. எப்போதாவது என்றால் விட்டுவிடலாம், இப்போது இதுவே வழக்கமாகிவிட்டது.

சப்சிடியின் வேர் 'சுப்சீடியம்' என்ற லத்தீன் சொல். போரில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்து, தேவைப்படும்போது எழுந்து வரும் துணைப்படை. அதிலிருந்து 'உதவி' என்ற பொருள் வந்தது. இங்கிலாந்தில் நாடாளுமன்றம் மன்னருக்கு ஒப்புதல் அளித்த வரிப்பணத்துக்கு இந்தப் பெயர் இருந்தது. அப்புறம் திசை திரும்பி, அரசு பிறருக்குத் தரும் பணத்தைக் குறித்தது.

சலுகை வேறு. கட்டணச் சலுகை, வயதுச் சலுகை என்கிறோம். வாங்க வேண்டியதைக் குறைத்துக்கொள்வது, விதியைக் கொஞ்சம் தளர்த்துவது. அதில் பணம் கொடுத்தவர், பெற்றவர் என்று யாரும் கண்ணில் படுவதில்லை. 'இரண்டிலும் கஜானாவுக்குச் செலவுதானே' என்பார்கள். சரிதான். ஆனால் மானியம் என்றால் 'யாருக்கு, எவ்வளவு' என்ற கேள்வி தானாக எழும். சலுகை என்றதும் அந்தக் கேள்வி அடங்கிவிடும்.

அமெரிக்கப் பயிர்க் காப்பீட்டைப் பாருங்கள். பிரீமியத்தில் சராசரியாக 60 விழுக்காட்டுக்கு மேல் அரசே ஏற்கிறது. விவசாயிக்குத் தெரிவது குறைந்த பிரீமியம் மட்டும். பார்வைக்கு அசல் சலுகை. மற்ற பயிர் மானியங்களைப் பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இந்தக் காப்பீட்டு மானியத்தில் யார் எவ்வளவு பயனடைந்தார்கள் என்பதை வெளியிட அங்கே சட்டம் இடம் தருவதில்லை. வெளிச்சம் குறைவாக உள்ள இடத்தில் போய் 'சலுகை' என்று எழுதுவது மறைப்பவருக்குத் துணைபோவதுதான்.

ஐரோப்பாவில் இந்தப் பட்டியலை வெளியிடுவது நீதிமன்ற வழக்காகவே போனது. மானியம் பெற்ற தனிமனிதர்களின் பெயரையும் தொகையையும் வேறுபாடு பார்க்காமல் மொத்தமாக வெளியிட்டது அளவுக்கு மீறியது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010 நவம்பரில் தீர்ப்பளித்தது. நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2013-இல் விதியைத் திருத்தி, சிறு தொகை பெறுவோரை விட்டுவிட்டு மற்றவர்களின் பெயர்களை மீண்டும் வெளியிட வழிசெய்தார்கள். இந்தச் செய்தியில் 'சலுகை' என்று போட்டால் எதற்காக வழக்கு நடந்தது என்பதே புரியாது.

'விவசாயிகளுக்கு' என்பதும் உறுத்துகிறது. அந்தப் பட்டியல்களில் கூட்டுப் பங்காண்மைகளும் நிறுவனங்களும் இருக்கும். ஐரோப்பாவில் நேரடித் தொகை பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் போவதால் பெரிய பண்ணைக்குப் பெரிய தொகை. 'பண்ணைகளுக்கு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பாளருக்கு ஏர் பிடித்த ஏழை உழவர் படம் மனதில் வந்துவிடுகிறது, மூலத்தில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

மானியம் வடமொழி 'மான்ய' என்பதிலிருந்து வந்தது, மதிப்புக்குரியது என்று பொருள். கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்தோருக்கும் வரி நீக்கி விட்ட நிலம் மானியம். 'அப்படியானால் அதுவும் சலுகைதானே' என்று மடக்கலாம். ஆனால் இறையிலியாக, அதாவது வரியில்லாமல், விட்ட நிலத்தை யாருக்கு, எவ்வளவு, எல்லை எது என்று கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். வரியை விட்டுக்கொடுத்தபோதும் கணக்கு ஊர் பார்க்க இருந்தது. தவிர, இன்று உர மானியம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் 'நல்கை' என்கிறார்கள். அழகான சொல், ஆனால் சப்சிடிக்குப் பொருந்தாது. நல்குதல் என்பது மொத்தமாகக் கொடுத்துவிடுவது; விலையிலோ செலவிலோ ஒரு பங்கைத் தாங்குவது அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு, சட்டமன்ற மானியக் கோரிக்கை போன்ற இடங்களில் மானியத்துக்குப் பதில் நல்கையை வையுங்கள், கச்சிதமாக உட்காரும். அங்கே மானியம் விலகிக்கொண்டால் சப்சிடிக்கு மட்டும் உரியதாகிவிடும்: பயிர் மானியம், பிரீமிய மானியம், மானியம் பெற்றோர் பட்டியல்.