ரைசோபியம்: வேர்முடிச்சு நுண்ணுயிர்

ரைசோபியம் என்பது பயறுக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுக்குள் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக மாற்றித் தரும் பாக்டீரியா. கிரேக்கத்தில் 'ரைசா' வேர், 'பயோஸ்' உயிர்வாழ்வு. இரண்டையும் ஒட்டி 1889-இல் இந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க்.

இது வேலை செய்வதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சரளைச் செம்மண் பொட்டலில் பயறுக் குடும்பச் செடியான கொழிஞ்சி தானாக முளைத்துக் கிடக்கும், மாடும் அதை விரும்பி மேயாது. மழை ஈரம் இருக்கும்போது, பூப்பதற்கு முன், ஒரு செடியை மண்கட்டியோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கவும். உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் தழைச்சத்தாக, அதாவது செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் சத்தாக, மாறிக்கொண்டிருக்கிறது. அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடாமல் காப்பது அதுதான். வெள்ளையாக இருந்தால் வேலை தொடங்கவில்லை, பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் முடிந்துவிட்டது. வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழுவால் வரும் வீக்கத்தை முடிச்சென்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தள்ளினால் உதிரும். நூற்புழு தாக்கினால் வேரே புடைத்திருக்கும்.

பக்கத்திலேயே நிற்கும் ஆவாரையைத் தோண்டினால் முடிச்சு கிடைக்காது. தகரை, சரக்கொன்றையும் அப்படியே. பயறுக் குடும்பம் என்றாலே தழைச்சத்து தரும் என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. ஆவாரைக்குத் துணை வேர்ப்பூஞ்சை, அதாவது வேரோடு கூட்டாக வாழும் பூஞ்சை. செம்மண்ணிலுள்ள இரும்பு, மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கட்டிப்போட்டுவிடும். வேர் எட்டாத இடுக்கிலிருந்தும் பூஞ்சை இழைகள் அதைக் கொண்டுவரும். கொழிஞ்சிக்கு இரண்டு கூட்டாளிகளும் வேண்டும், ஏனெனில் முடிச்சு வேலை செய்யவே மணிச்சத்து நிறையத் தேவை.

தமிழில் என்ன சொல்வது? கடையில் நுண்ணுயிர்ப் பொடிப் பாக்கெட் கேட்க 'ரைசோபியம்' போதும். எழுத்தில் 'வேர்முடிச்சு நுண்ணுயிர்' என்பதே சரி. இன்றைய வகைப்பாட்டில் ரைசோபியம் முடிச்சு கட்டும் பாக்டீரியாக்களில் ஒரு பேரினம் (genus) மட்டும். நிலக்கடலை முடிச்சில் இருப்பது பெரும்பாலும் பிராடிரைசோபியம் என்ற வேறொரு பேரினம். தமிழ்ச்சொல் இரண்டையும் அடக்கும். 'வேர்வாழ் நுண்ணுயிர்' என்று நேராகப் பெயர்த்தால் வேர்ப்பூஞ்சையும் உள்ளே வந்துவிடும். 'கிருமி' வேண்டவே வேண்டாம், நோய்தான் நினைவுக்கு வரும்.

பசுந்தாளுக்கு, அதாவது பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் உரத்துக்கு, கொழிஞ்சி விதைப்பவர்கள் முதலில் விதையைப் பருமணலோடு தேய்க்க வேண்டும். மேல்தோல் கெட்டி, தேய்க்காவிட்டால் முளைப்பு இழுத்தடிக்கும். பிறகு ஆறிய கஞ்சியில் நுண்ணுயிர்ப் பொடியைக் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்கவும். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும். யூரியா கூடினாலும் முடிச்சு கட்டாது: கையில் தழைச்சத்து கிடைக்கும்போது செடி நுண்ணுயிருக்குச் சர்க்கரை கொடுத்து வளர்ப்பதில்லை.