சீனக்குடாவிலிருந்து பலாலிக்கு எத்தனை நிமிடம்?

திருகோணமலையின் சீனக்குடா விமானநிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வானத்தில் எவ்வளவு தூரம்? ஒரு தாளும் கல்குலேற்றரும் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். சீனக்குடா இருப்பது வடக்கு 8.54 பாகை, கிழக்கு 81.18 பாகையில். பலாலி வடக்கு 9.79, கிழக்கு 80.07. நம் பக்கத்தில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110 கிலோமீற்றர். ஆகவே வடக்கே 138, மேற்கே 122. பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் 184 வரும். கிட்டத்தட்ட 100 கடல் மைல்.

கிட்டத்து ஊர்களுக்கு இந்தக் கணக்கு போதும். ரொறன்ரோவுக்கு என்றால் பூமியின் உருண்டை வடிவத்தையும் சேர்க்கவேண்டும். பூகோள உருண்டையில் திருகோணமலையையும் ரொறன்ரோவையும் நூலால் இணைத்துப் பாருங்கள். நூல் ஆபிரிக்கா பக்கமே போகாது; இந்தியா, ரஷ்யா, கிறீன்லாந்து என்று வடக்கே ஏறி இறங்கும்.

தூரம் மாறாது. நேரம் அப்படியல்ல, அது காற்றின் கையில். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சிறிய விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து சீனக்குடாவுக்கு ஏறத்தாழ 238 கிலோமீற்றர். காற்றே இல்லாவிட்டால் 48 நிமிடம். பாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. தென்மேல் பருவக்காற்று வீசுவதும் அதே திசையில்தான்! காற்று மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால், வரும்போது முதுகில் தள்ளி 41 நிமிடத்தில் கொண்டுவந்துவிடும். திரும்பும்போது முகத்தில் அடித்து 57 நிமிடமாக்கும். போக வர இரண்டும் சேர்ந்து 98 நிமிடம்; காற்றில்லாத நாளில் 95 தான். முகக்காற்றில் விமானம் கூடுதல் நேரம் பறப்பதால், அங்கே இழந்ததை முதுகுக்காற்று ஈடுகட்டுவதில்லை.

பலாலிப் பாதையில் கதை வேறு. அது வடமேற்காக ஓடுவதால் தென்மேல் காற்றும் வாடையும் ஏறக்குறையக் குறுக்காகவே மோதுகின்றன. கொட்டியாரக்குடாவில் நீரோட்டம் இழுக்கும்போது படகோட்டி அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பிப் பிடிப்பாரே, விமானியும் அதையேதான் செய்கிறார். 50 கிலோமீற்றர் குறுக்குக்காற்றுக்கு விமானத்தின் மூக்கை ஏறத்தாழ 10 பாகை காற்றுப் பக்கம் திருப்பவேண்டும். அதனால் குறையும் வேகம் மணிக்கு 4 கிலோமீற்றர்தான். 37 நிமிடப் பயணத்தில் அரை நிமிடம்.

பயணச்சீட்டில் இதைவிடக் கூடுதலாகத்தான் போட்டிருக்கும். ஓடுபாதைக்கு உருண்டுபோவது, மேலே ஏறுவது, இறங்கும் ஓடுபாதைக்கு நேராக வளைந்து வருவது எல்லாம் அதில் சேரும். தூரம் குறையக் குறைய இந்தச் சில்லறை நிமிடங்களின் பங்கு பெருகும்.

நீண்ட பாதையில்தான் காற்றின் பலம் முழுதாகத் தெரியும். 1943 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், இலங்கையின் தெற்கிலுள்ள கொக்கலையிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்குக் குவான்ராஸ் விமான நிறுவனத்தின் கற்றலினா நீர்விமானங்கள் எங்கும் இறங்காமல் பறந்தன. தூரம் 5,600 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதே பாதை, அதே வகை விமானம். ஆனால் சில நாட்களில் 27 மணித்தியாலம், சில நாட்களில் 32 ஐயும் தாண்டியது. உள்ளே இருந்தவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள்.