தரையிறங்கும்போது ஜிபிஎஸ் தவறினால்: 10 நிமிட விதி என்ன சொல்கிறது?

விமானத்தின் ஜிபிஎஸ் தவறான இடத்தைக் காட்டினாலோ, சிக்னல் அறுந்து போனாலோ, அதை 10 நிமிடத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2025 நவம்பரில் கொண்டுவந்த நடைமுறை இது. விமானிகளோடு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கும் இது பொருந்தும்.

ஜிபிஎஸ் குறுக்கீடு பற்றி டிஜிசிஏ 2023 நவம்பரிலேயே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. அந்த மாதம் முதல் 2025 பிப்ரவரி வரை 465 சம்பவங்கள் பதிவாயின, பெரும்பாலானவை அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதியில் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எல்லையோரச் சிக்கலாக இருந்தது 2025 நவம்பரில் டெல்லிக்கே வந்தது. அங்கே 10-ஆம் எண் ஓடுபாதையில் ஜிபிஎஸ்ஸை நம்பி இறங்க வந்த சில விமானங்கள் பொய்ச் சிக்னலைச் சந்தித்தன. மாற்று நடைமுறைகளைப் பயன்படுத்தி நிலைமையைச் சமாளித்தார்கள்.

குறுக்கீட்டில் இரண்டு வகை உண்டு. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. தரைக்கு அருகில் வரும்போது மிக மெலிந்திருக்கும். அதே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை அனுப்பி அமுக்கிவிடுவது ஜாமிங். அசல் போலவே ஒரு பொய்ச் சிக்னலை அனுப்பி ஏமாற்றுவது ஸ்பூஃபிங்.

ஜாமிங்கில் கருவியே உண்மையைச் சொல்லிவிடும். ஏர்பஸ்ஸில் ‘ஜிபிஎஸ் பிரைமரி லாஸ்ட்’, போயிங்கில் ‘அன்ஏபிள் ஆர்என்பி’ என்று எச்சரிக்கை வரும். ஜிபிஎஸ் வழி இறக்கத்தின் கடைசிக் கட்டத்தில் விமானம் பாதையிலிருந்து இருபக்கமும் 0.3 கடல்மைல், அதாவது சுமார் 555 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஓடுபாதை கண்ணில் படாத நிலையில் அந்த எச்சரிக்கை வந்தால் இறக்கத்தைத் தொடரக் கூடாது. கோ-அரவுண்ட் செய்து, அதாவது இறங்குவதைக் கைவிட்டு, மேலேற வேண்டும்.

ஸ்பூஃபிங்தான் ஆபத்தானது. கருவி தன்னம்பிக்கையோடு பொய் சொல்லும், எச்சரிக்கை வராமலும் போகலாம். விமானி மற்ற அளவீடுகளோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடிகார நேரம் தாவுகிறதா, தரைவேகமோ காற்றின் அளவோ திடீரென மாறுகிறதா, தூரத்தை அளக்க உதவும் தரையிலுள்ள டிஎம்இ நிலையம் காட்டும் தூரமும் திரையிலுள்ள வரைபடமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பல விமானங்களில், விமானத்தின் அசைவுகளை வைத்தே இடத்தைக் கணிக்கும் இனர்ஷியல் கருவியின் நிலையை ஜிபிஎஸ்தான் அவ்வப்போது திருத்துகிறது. அதனால் பொய் அங்கேயும் கசிந்து, குறுக்கீட்டுப் பகுதியைத் தாண்டிய பிறகும் தங்கிவிடலாம்.

இதில் மிகவும் கவலை தருவது நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி. அது ஜிபிஎஸ் சொல்லும் இடத்தைத் தன்னிடமுள்ள மலை, மேடு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இடம் பொய்யானால் சமவெளிக்கு மேலே ‘டெர்ரெய்ன், புல் அப்’ என்று கத்தும். மலைக்கு அருகே கத்த வேண்டிய நேரத்தில் மௌனமாக இருக்கும். நாலு முறை பொய்யாகக் கத்திய கருவியை ஐந்தாம் முறை அலட்சியம் செய்வது மனித இயல்பு. தாழ்வான உயரத்தில், மேகத்துக்குள் அந்த இயல்புக்கு இடமே கொடுக்கக் கூடாது.

ரேடியோ கற்றைகளால் விமானத்துக்கு ஓடுபாதை வரை வழிகாட்டும் ஐஎல்எஸ் அமைப்பு இருந்தால் தப்பிக்கலாமா? பெருமளவுக்கு ஆம். அதன் கற்றைகள் ஓடுபாதையருகே உள்ள ஆன்டெனாக்களிலிருந்து வருவதால் ஜிபிஎஸ் போனாலும் அவை நிலைக்கும். ஆனால் அந்த ஓடுபாதையின் கோ-அரவுண்ட் பாதை ஜிபிஎஸ்ஸை நம்பி வரையப்பட்டதா என்பதை இறங்கத் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். இது எளிதில் விடுபட்டுப் போகிற விஷயம். ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் கூட்டும் இந்தியாவின் ககன் அமைப்பு காப்பாற்றுமே என்று சிலர் நினைப்பதுண்டு. ககன் திருத்துவது அயனி மண்டலம் போன்றவற்றால் வரும் பிழையை. ஜாமிங்கின் முன் அதுவும் செயலிழக்கும்.

அறிக்கையில் தேதி, நேரம், விமான வகை, பதிவெண், வழித்தடம், எந்த இடத்தில் நடந்தது, ஜாமிங்கா ஸ்பூஃபிங்கா, எந்தக் கருவிகள் பாதிக்கப்பட்டன என்பதெல்லாம் இருக்க வேண்டும். கருவித் திரையின் படமோ கருவிப் பதிவோ இருந்தால் சேர்க்க வேண்டும். இறக்கத்தின் நடுவில் படிவம் நிரப்ப முடியாதுதான். ரேடியோவில் கட்டுப்பாட்டாளருக்கு ஒரு வரி சொன்னாலே முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும். பின்னால் வரும் விமானத்தை ஐஎல்எஸ் உள்ள ஓடுபாதைக்கு மாற்றவோ, ரேடார் வழிகாட்டலில் கொண்டுவரவோ அவரால் முடியும். பொய்ச் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு தேடவும், அதை அனுப்பும் கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே தகவல் போக வேண்டும்.

தரையில் மாற்று வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எஸ்டோனியாவின் தார்த்து நகரம் காட்டியது. அங்கே இறங்கும் முறைகள் ஜிபிஎஸ்ஸையே நம்பியிருந்தன. 2024 ஏப்ரலில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் ஃபின்ஏர் விமானங்கள் இறங்க முடியாமல் ஹெல்சின்கிக்குத் திரும்பின. பிறகு ஒரு மாதம் சேவையே நிறுத்தப்பட்டது. இந்தியா, தரையிலிருந்து விமானங்களுக்கு வழிகாட்டும் நிலையங்களின் குறைந்தபட்ச வலையமைப்பை விடாமல் வைத்திருப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது.

தரையிறங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. சம்பவத்தை விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடான டெக் லாக்கில் எழுத வேண்டும். பொறியாளர்கள் ஜிபிஎஸ் ரிசீவரையும் நேரத்தையும் இனர்ஷியல் நிலையையும் சரிபார்த்து, தேவைப்பட்டால் ரீசெட் செய்த பிறகே அந்த விமானத்தை அடுத்த ஜிபிஎஸ் வழி இறக்கத்துக்கு அனுப்ப வேண்டும்.