எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு வாரம்

முதல் உலகப் போர், 1916 ஜூன் 24. பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் ஜெர்மன் அகழிகள்மீது பிரிட்டிஷ் பீரங்கிகள் குண்டுமழை பொழியத் தொடங்கின. ஒரு வாரத்தில் சுமார் 15 லட்சம் குண்டுகள். ஜூலை 1 காலை 7.30-க்கு காலாட்படை கிளம்பியபோது, செத்திருக்க வேண்டிய ஜெர்மானியர்கள் எழுந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். அன்று மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள்.

ஜெர்மானியர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? மண்தான் காரணம். அங்கே தரைக்கடியில் இருப்பது சீமைச்சுண்ணாம்புப் பாறை. கடப்பாரைக்கு இடம் கொடுக்கும், ஆனால் சரியாது, மழைநீரும் தேங்காது. பிடித்த நிலத்தை விடக்கூடாது என்பதுதான் ஜெர்மானியர்களின் திட்டம். அதனால் 1914 இறுதியிலிருந்தே பங்கர்களை, அதாவது பதுங்கும் நிலவறைகளை, பொறுமையாகத் தோண்டினார்கள்: 6 முதல் 9 மீட்டர் ஆழம், மரச்சட்டங்கள், ஒரு வாசல் அடைபட்டால் வெளியேற இன்னொன்று.

பிரிட்டிஷ் குண்டுகளில் பெரும்பகுதி ஷ்ராப்னெல் வகை. வானில் வெடித்து ஈயக் குண்டுகளைத் தூவும் அது, வெட்டவெளியில் நிற்பவனைக் கொல்லும். பாறைக்கடியில் இருப்பவனை ஒன்றும் செய்யாது. தரையில் வெடிக்கும் குண்டுகளிலும் விசையின் பெரும்பங்கு காற்றில்தான் போகும். மண்ணில் இறங்கும் அதிர்ச்சி அலை ஆழம் கூடக்கூடத் தேய்ந்துவிடும். கனரகப் பீரங்கிகளால் மட்டுமே பங்கரை உடைக்க முடியும். அவை போதவில்லை, வெடிக்காமல் கிடந்த குண்டுகளும் ஏராளம்.

உயிர் தப்பியது சரி, உள்ளே இருந்த நிலைமை கொடுமை. அதிர்ச்சியில் மெழுகுவத்திகள் அணையும். சாப்பாடும் தண்ணீரும் கொண்டுவருபவர்களால் குண்டுமழையைத் தாண்ட முடியவில்லை. தூக்கமில்லை, தாகம் வேறு. வாசல் சரிந்தால் மண்வெட்டியோடு உள்ளிருந்தே தோண்ட வேண்டும், காற்று தீர்வதற்குள்.

ஆனால் உண்மையான சோதனை குண்டுவீச்சு நின்ற நொடியில்தான். படியேறி, துப்பாக்கியைத் தூக்கிவந்து நிறுத்த ஒருசில நிமிடங்களே உண்டு. அந்தப் போர்முனையில் போமோன் ஹமேல் என்ற கிராமத்தின் அருகே பிரிட்டிஷார் பூமிக்கடியில் வைத்த 18 டன் வெடிமருந்தை 7.20-க்கே வெடித்து, பத்து நிமிட முன்னறிவிப்பைத் தாங்களே கொடுத்துவிட்டார்கள்! தீப்வால் கிராமத்தின் பக்கமோ கதை வேறு. அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் அல்ஸ்டர் (வட அயர்லாந்து) படை குண்டுவீச்சு முடியும் முன்பே அகழியை நெருங்கிவிட்டது. பல ஜெர்மானியர்கள் இன்னும் படிக்கட்டின் அடியிலேயே இருந்தார்கள். வாசலில் எதிரி கையெறி குண்டுடன் நின்றால் அதே ஆழம் கல்லறைதான்.

அப்புறம் 1917-ல் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் இந்த வித்தை பலிக்கவில்லை. கொஞ்சம் தோண்டினாலே அங்கே தண்ணீர் ஊறும். அதனால் ஜெர்மானியர்கள் தரைக்கு மேலே கான்கிரீட் அறைகள் கட்டி, முன்வரிசையில் ஆட்களைக் குறைத்துக்கொண்டார்கள்.