ரியாக்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன் எண்ணெயைச் சோதியுங்கள்

போன வாரம் ஒருவர் தன் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ரியாக்டரின் அடி வால்வைத் திறந்து காட்டினார். பயோடீசல் வரவில்லை. கொழகொழவென்று பழுப்பு நிறத்தில் சோப்புக் கூழ் மெதுவாக இறங்கி வாளியில் குவிந்தது. "மெஷின்ல ஏதோ கோளாறு சார், வித்தவர் போனையே எடுக்க மாட்டேங்கறார்" என்றார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அவர் வாங்கி வைத்திருந்த எண்ணெய்க்கு அந்த மெஷின் ஆகாது, அவ்வளவுதான். இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது ஷெட் இது. மூன்றிலும் இதே கூழ், இதே காரணம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கையோடு கொண்டுபோயிருந்த ப்யூரெட்டை (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) எடுத்து, எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று காட்டும் டைட்ரேஷன் சோதனையை அங்கேயே செய்தேன். ஒரு மில்லி எண்ணெயைப் பத்து மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். சுத்திகரித்த புது எண்ணெய் என்றால் அரை மில்லிக்குள் இளஞ்சிவப்பாகிவிடும். இவருடைய எண்ணெய் கிட்டத்தட்ட 12 மில்லி குடித்தது. அதாவது 9 சதவீதம் எஃப்.எஃப்.ஏ, எண்ணெயில் தனித்துக் கிடக்கும் கொழுப்பு அமிலம். பத்து நிமிட வேலை. கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை.

"எந்த எண்ணெயாக இருந்தாலும் ஊற்று, காஸ்டிக்கைக் கொஞ்சம் கூடப் போட்டால் சரியாகிவிடும்" என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை, எனக்குக் கோபமே வருகிறது. எண்ணெயையும் மெத்தனாலையும் வினைபுரிய வைத்தால் பயோடீசலும் கிளிசரினும் பிரியும்; காஸ்டிக் அந்த வினையைத் தூண்டிவிட மட்டும்தான். கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1000 கிலோ எண்ணெயில் 9 சதவீதம் என்றால் 90 கிலோ கொழுப்பு அமிலம். அதை நடுநிலையாக்கவே 13 கிலோ காஸ்டிக் போய்விடும்; பயோடீசல் ஆக்க வேண்டிய காஸ்டிக் இது இல்லை, வெறுமனே சோப்பாகப் போவது. அதிலிருந்து சுமார் 97 கிலோ சோப்பும், கூடவே ஐந்தாறு கிலோ தண்ணீரும் வரும். அந்தச் சோப்பு தனியாக ஒதுங்கியும் நிற்காது. நல்ல எண்ணெயையும் உருவான எஸ்டரையும் (பயோடீசல் என்பது அதுதான்) தன்னோடு இழுத்து வைத்துக்கொண்டு, கிளிசரினைப் பிரியவே விடாது. காஸ்டிக்கைக் கூட்டக் கூட்டச் சோப்புதான் கூடும், பயோடீசல் கூடாது. எனவே அரை சதவீதம், மிஞ்சினால் ஒரு சதவீதம் எஃப்.எஃப்.ஏ வரைதான் நேரடியாகக் காஸ்டிக் முறை. இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து அந்த அமிலங்களை எஸ்டராக்கி, அதில் பிறக்கும் தண்ணீரை வெளியேற்றி, அப்புறம்தான் காஸ்டிக் பக்கம் வர வேண்டும்.

இப்போது கொட்டேஷனுக்கு வருவோம். அமிலக் கட்டம் தேவை என்றால் அதற்குத் தனிக் கலன் வேண்டும், அதுவும் கண்ணாடிப் பூச்சுள்ளதோ அமிலத்தைத் தாங்கும் உலோகமோ. சாதாரண இரும்புத் தொட்டி அங்கே தாங்காது. தண்ணீர் பிரிக்கும் வசதி வேண்டும், பெரிய மெத்தனால் காய்ச்சி வடிக்கும் கோபுரம் வேண்டும். ஆகவே "ஒரு நாளைக்கு ஐந்து டன்" என்று எழுதியிருக்கும் இரண்டு கொட்டேஷன்களை விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. எந்த எஃப்.எஃப்.ஏ-வுக்கு, எவ்வளவு ஈரத்துக்கு ஐந்து டன் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மெத்தனால் மீட்பை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பவர்களும் நிறையப் பேர். 1000 கிலோ எண்ணெய்க்கு வினையில் கரைவது சுமார் 110 கிலோ மெத்தனால்தான். ஆனால் வினை முழுமையாக நடக்க அதைப்போல் இரண்டு மடங்கு, 220 கிலோ ஊற்ற வேண்டியிருக்கிறது. மீதி 110 கிலோ கிளிசரினிலும் பயோடீசலிலும் கலந்து கிடக்கும். மீட்காவிட்டால் ஒவ்வொரு டன்னுக்கும் அவ்வளவு பணம் போகிறது. அது மட்டுமா, ஐரோப்பிய தரமான இ.என் 14214 பயோடீசலில் 0.2 சதவீதத்துக்கு மேல் மெத்தனாலை அனுமதிப்பதில்லை. பயோடீசலின் தீப்பற்று வெப்பநிலையை இறக்கிவிடுவதும் இந்த மிச்ச மெத்தனால்தான்.

மொத்தச் செலவில் எழுபது எண்பது சதவீதம் எண்ணெய்க்கே போகிறது. ஆண்டுக்கு 1500 டன் ஓட்டும் ஆலையில் விளைச்சல் 5 சதவீதம் குறைந்தால் 75 டன் எண்ணெய் போயிற்று, ஒவ்வொரு ஆண்டும். மலிவான ரியாக்டரில் மிச்சம் பிடித்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திட்ட அறிக்கையில் கிளிசரினுக்குச் சுத்தமான கிளிசரின் விலையைப் போட்டு வருமானம் காட்டியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது மெத்தனாலும் சோப்பும் காஸ்டிக்கும் கலந்த கச்சா சரக்கு. தண்ணீரில் கழுவும் முறை என்றால் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவும் உண்டு, அதை யாரும் எழுதுவதே இல்லை.

எண்ணெய் லோடுக்கு லோடு மாறும் என்றால், ஒவ்வொரு தடவையும் ஊற்றி முடித்து இறக்கும் பேட்ச் முறையே போதும். தொடர் ஓட்ட ஆலை ஒரே மாதிரி எண்ணெய் நிறையக் கிடைப்பவர்களுக்கு. செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு பூசிய குழாய் எதுவும் பயோடீசல் பக்கம் வரக்கூடாது, அதைக் கெடுத்துவிடும். சாதாரண ரப்பர் சீல் ஊறிப்போய்க் கசியும், விட்டான் அல்லது டெஃப்லான் போடுங்கள். காஸ்டிக்கை மெத்தனாலில் கரைப்பதற்குப் பதில் சோடியம் மெத்தாக்சைடு கரைசலாகவே வாங்கினால் கரைக்கும்போது உண்டாகும் தண்ணீர் இருக்காது. விலை கூடுதல்தான், பெரிய ஆலைக்குக் கட்டுப்படியாகும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மெத்தனாலில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். அது 65 டிகிரிக்குள் கொதிக்கும், சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும், பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மோட்டாரும் விளக்கும் ஸ்விட்சும் ஃப்ளேம்ப்ரூஃப் வகையாக, அதாவது உள்ளே பொறி பறந்தாலும் வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காததாக இருக்கட்டும். தொட்டி, குழாய் எல்லாவற்றுக்கும் எர்த் கொடுங்கள். ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வாங்கி வையுங்கள், சாதாரண நுரை மெத்தனால் தீயில் உடைந்துவிடும். அந்த ஷெட்டில் மெத்தனால் டிரம்முக்குப் பக்கத்திலேயே சாதாரண ஸ்விட்ச் போர்டு இருந்தது. கூழைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் கழற்றச் சொன்னேன்.

அவருடைய ரியாக்டர் வீணாகவில்லை. காஸ்டிக் கட்டத்துக்கு அது போதும், முன்னால் அமிலக் கலன் ஒன்று சேர்க்க வேண்டும். அதுவரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் இந்த எண்ணெய் ஒரு பங்குக்கு நல்ல எண்ணெய் ஒன்பது பங்கு கலந்தால்தான் ஒரு சதவீதத்துக்கு இறங்கும், கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ப்யூரெட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த லோடை இறக்குவதற்கு முன், லாரி வாசலில் நிற்கும்போதே சோதித்துவிட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.