புரோட்டாண்ட்ரி: ஆண்முதல் பால்மாற்றம்

கோமாளி மீனுக்கு ஜோடி சேர்ப்பவர்கள் கடையில் ஆண் எது, பெண் எது என்று தேடுவதில்லை. கொஞ்சம் பெரிய குஞ்சு ஒன்று, சிறியது ஒன்று என இரண்டை வாங்கி ஒரே தொட்டியில் விடுவார்கள். பெரியது பெண்ணாகிவிடும், சிறியது ஆணாக நிற்கும். குஞ்சின் உடலில் விந்தகத் திசுவும் சூலகத் திசுவும் சேர்ந்தே இருப்பதால்தான் இது நடக்கிறது. முதலில் ஆணாக இருந்து பின்னால் பெண்ணாக மாறும் இந்த இயல்புக்குப் பெயர் புரோட்டாண்ட்ரி.

கிரேக்கத்தில் புரோட்டோஸ் என்றால் முதல். ஆனேர் என்றால் ஆண். அதன் வேற்றுமை வடிவம் ஆண்ட்ரோஸ். நம் 'ஆண்' போலவே ஒலிக்கிறதே என்று வேர் தேடக் கிளம்ப வேண்டாம், அது தற்செயல்.

சொல் முதலில் புழங்கியது பூக்களைப் பற்றிய படிப்பில். ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் வெவ்வேறு காலத்தில் முதிர்வதை 1793இல் ஜெர்மானியரான ஸ்பிரெங்கல் விரிவாக எழுதினார். சூரியகாந்தியின் சிறுபூவில் மகரந்தம் முதலில் வெளிவரும், சூல்முடி அப்புறம்தான் விரியும். நம் தாவரவியல் பாடநூல்கள் இதை 'ஆண் முன்முதிர்வு' என்கின்றன. பூவுக்கு அது சரியான சொல். மீனுக்கு அதையே எடுத்துப் போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்றால் கோமாளி மீன் வயது முதிர்வதால் மட்டும் பெண்ணாவதில்லை. கடல்சாமந்தி என்னும் பூப்போன்ற கடல்விலங்கு ஒன்றில் வாழும் கூட்டத்தில் ஆகப் பெரியது பெண், அடுத்தது அதன் ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் இருக்கும்வரை ஆண் ஆணாகவே காலம் தள்ளும். பெண்ணை அகற்றிவிட்டால் அந்த ஆணே பெண்ணாகிறது என்பதை ஹான்ஸ் ஃபிரிக்கே 1977இல் சக ஆய்வாளருடன் நேச்சர் இதழில் எழுதினார். பெண்ணின் அதட்டல்தான் மற்றவற்றைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு இன்னும் நுட்பமானது: பெண்ணாக மாறும் மீனில் முதலில் மாறுவது மூளை, இனப்பெருக்க உறுப்பு மாறுவது அதன் பிறகே. ஒருமுறை பெண்ணாகிவிட்டால் திரும்ப ஆணாவதில்லை.

தொட்டியிலேயே இந்த வரிசையைக் கண்ணால் பார்க்கலாம். பெரியது நெருங்கி வந்தால் சிறியது ஒருக்களித்துச் சாய்ந்து, உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கும். பணிந்துவிட்டேன் என்பதற்கான அடையாளம் அது. நடுக்கத்தைச் சண்டை என்றோ நோய் என்றோ நினைத்துப் பிரித்துவிடாதீர்கள், ஜோடி அமைகிறது என்று அர்த்தம். முட்டையிடும் நாள் நெருங்கினால் ஆண் ஒரு கல்லையோ பூந்தொட்டியின் சுவரையோ வாயால் கடித்துக் கடித்துச் சுத்தம் செய்யும். பெண்ணும் வந்து சேர்ந்துகொள்ளும். பிறகு பெண் வயிற்றை அந்தப் பரப்பில் அழுத்தியபடி மெல்ல ஊர்ந்து ஆரஞ்சு நிற முட்டைகளை ஒட்டிவைக்க, ஆண் பின்னாலேயே வந்து விந்தைப் பாய்ச்சும். முட்டைகளுக்கு விசிறுவது, கெட்டதைப் பொறுக்கி எடுப்பது எல்லாம் பெரும்பாலும் ஆணின் வேலை. ஏழெட்டு நாளில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மின்னும். விளக்கணைந்த பிறகு இருட்டில் குஞ்சு பொரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆண்முதல் பால்மாற்றம்' என்பதே என் தேர்வு. அகரத்தை முதலாகக் கொண்டது அகரமுதலி ஆனதுபோல, ஆணை முதலாகக் கொண்டது ஆண்முதல். பால் என்பது இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் என்று ஏற்கெனவே நாம் புழங்கும் சொல்தான். மாற்றம் என்ற சொல் நடப்பதை நேராகவே சொல்லிவிடுகிறது. இரண்டு திசுவும் சேர்ந்திருக்கும் உயிரை 'இருபால் உயிரி' என்கிறோம். அது உடலமைப்பைச் சொல்கிறதே தவிர, எது முதலில் என்பதைச் சொல்லாது. ஆகவே ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

இதே அச்சில், முதலில் பெண்ணாக இருந்து பின்னால் ஆணாக மாறும் புரோட்டோகைனியையும் 'பெண்முதல் பால்மாற்றம்' என்று சொல்லிவிடலாம். நம் மீன்சந்தையிலேயே இரண்டுக்கும் ஆள் உண்டு. கொடுவா ஆண்முதல்: சிறியவை பெரும்பாலும் ஆண், நன்றாகப் பெருத்தவை பெண். களவா பெண்முதல். அதனால்தான் களவாக் குஞ்சு உற்பத்தியில் ஆண் மீன் கிடைப்பது கடினமாகி, ஹார்மோன் கொடுத்துப் பெண் மீனை ஆணாக்க வேண்டியிருக்கிறது.