ரீகாயில்: முன்னால் பாய்வதற்குப் பெயர் பின்னடைவா?

‘மீள் பின்னடைவு கண்டறிதல் பகுப்பாய்வு.’ பொருட்களின் மேற்பரப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஹைட்ரஜனை அளக்கும் முறைக்குத் தமிழில் இப்படியொரு பெயர் உலவுகிறது. ஆங்கிலத்தில் ‘எலாஸ்டிக் ரீகாயில் டிடெக்‌ஷன் அனாலிசிஸ்’. எலாஸ்டிக் ‘மீள்’ (மீட்சி என்றும் எழுதுவார்கள்) ஆகியிருக்கிறது, ரீகாயில் ‘பின்னடைவு’ ஆகியிருக்கிறது. தேர்தலில் வேட்பாளருக்கு வருவது பின்னடைவு. தேறி வந்த நோயாளிக்கு மறுபடி முடியாமல் போனால் பின்னடைவு. அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற அணு, இடித்ததும் உலோகத்திலிருந்து துள்ளி வெளியே வரும் ஹைட்ரஜன் அணுவுக்கு என்ன பின்னடைவு வந்துவிட்டது?

ரீகாயில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வேரில் இருப்பது பிட்டம். பின்புறமாக நகர்வது என்று பொருள். சுட்டதும் துப்பாக்கி தோளில் உதைப்பது ரீகாயில். ஆல்ஃபா துகளை உமிழ்ந்த அணுக்கரு எதிர்த்திசையில் நகர்வதும் ரீகாயில். இந்த இரண்டுக்கும் ‘பின்னுதைப்பு’ நல்ல தமிழ். சண்டை அங்கே இல்லை.

ஹைட்ரஜனை அளக்கும் இந்த முறையில் நடப்பது வேறு. ஹீலியம் அயனிக் கற்றையைப் பரப்பின் மீது மிகச் சாய்வாக விடுகிறார்கள். ஹீலியம் ஹைட்ரஜனைவிட நான்கு மடங்கு கனம். அதனால் ஹைட்ரஜனில் மோதிய ஹீலியம் ஒருபோதும் திரும்பி வராது, அதிகபட்சம் 14.5 பாகை விலகும், அவ்வளவுதான். திரும்பி வரும் அயனியை எண்ணும் ரூதர்ஃபோர்டு பின்சிதறல் முறைக்கு ஹைட்ரஜன் கண்ணில் படாததற்கு இதுவே காரணம். சரி, இடித்தது வராவிட்டால் இடிபட்டதைப் பிடிக்கலாமே? 1976-இல் மான்ட்ரியாலில் குளோரின் அயனிகளை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். ஹீலியம் பிறகு வந்தது.

இடிபட்ட அணு எந்தப் பக்கம் போகிறது? கோலிக்குண்டை ஓரமாக அடித்துப் பாருங்கள், அடிபட்டது முன்னால்தான் ஓடும். சும்மா இருந்த அணு மீட்சி மோதலில், அதாவது இயக்க ஆற்றல் வீணாகாத மோதலில், பின்பக்கம் போகவே முடியாது. 90 பாகைக்குள் முன்னால்தான் பாயும். கற்றையின் திசைக்கு 30 பாகையில் உணரியை வைத்து, கூட வரும் ஹீலியத்தை மெல்லிய தகட்டால் மறித்துவிட்டால் ஹைட்ரஜன் மட்டும் வந்து சேரும். 2 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றலுள்ள ஹீலியம் மேற்பரப்பில் இருக்கும் சாதாரண ஹைட்ரஜனை இடித்தால் அது 0.96 எம்இவியோடு வரும், அதன் கனமான ஐசோடோப்புகளான டியூட்டீரியம் 1.33, டிரிட்டியம் 1.47. ஆழத்திலிருந்து வருவது வழியில் ஆற்றலை இழந்து இன்னும் தளர்ந்து வரும். ஐசோடோப்பையும் ஆழத்தையும் பிரித்தறிவது இந்த ஆற்றலை வைத்துத்தான். இத்தனையிலும் ‘பின்’ எங்கே இருக்கிறது?

பின்னடைவை விட்டுவிட்டுப் ‘பின்னுதைப்பு’ என்று எழுதுபவர்கள் கொஞ்சம் யோசித்தவர்கள். ஆனால் அதிலும் திசை தப்பு. ஆங்கிலமே பிட்டத்தை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறதே என்பார்கள். சூட்டட்டும், ஆங்கிலம் சறுக்கிய இடத்தில் நாமும் சறுக்க வேண்டுமா? ‘மீளுதைப்பு’ என்கிறார் இன்னொருவர். மீள்வது எது? அணு தன் இடத்துக்குத் திரும்பவே போவதில்லை. போதாக்குறைக்கு முன்னால் ‘மீட்சி’ வேறு நிற்கிறது. மீட்சி மீளுதைப்பு என்றால் நாக்குதான் மீளாது. தூய தமிழ் அன்பர்கள் ‘எற்றல்’ என்பார்கள், உதைத்து எறிவது என்று பொருள். பொருள் கச்சிதம், மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதை ‘ஏற்றல்’ என்று படித்துவிட்டு, ஹைட்ரஜனை எதில் ஏற்றினார்கள் என்று தேடுவார்கள்.

என் ஓட்டு ‘எகிறல்’. மீட்சி எகிறல் முறை, எகிறிய அணு, எகிறு கோணம். பேச்சுவழக்கு, கொச்சை என்று புருவம் உயரும். விலை எகிறுகிறது, பந்து எகிறுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த சொல். அடிபட்டதும் துள்ளிக் கிளம்புவது கண்முன் தெரிகிறது. கலைச்சொல்லுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல்லா என்று அகராதிக்காரர்கள் கேட்பார்கள். மின்புலம், விளையாட்டுக் களம், நெல் வயல் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ஃபீல்டு’ என்ற ஒரே சொல்தான். அதற்காக நாம் மின்வயல் என்றா எழுதுகிறோம்?

இந்த இயலில் பெயர்ப்புக் கூத்து இதோடு நிற்பதில்லை. அயனிக் கற்றையை ‘அயனி ஒளிக்கற்றை’ ஆக்குகிறார்கள். அதில் ஏது ஒளி? இன்னும் மோசம் ‘டெப்த் புரொஃபைல்’ என்பதற்கு ‘ஆழ சுயவிவரம்’. எந்த ஆழத்தில் எத்தனை அணு என்று காட்டும் வரைபடத்துக்கு இந்தப் பெயர்! வேலைக்கு விண்ணப்பிப்பவர் எழுதுவது சுயவிவரம். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, வாக்கியத்தைத் திரும்பப் படிக்காமல் அனுப்பினால் இப்படித்தான் வரும். ‘ஆழவாரிச் செறிவு’ என்று எழுதலாம். ‘வாரி’ உருது வழியாக வந்தது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மாவட்டவாரி என்று நாள்தோறும் படிக்கிறவர்களுக்கு அது புரியும். எனக்கு அது போதும்.